மலை தெரிந்த நேரம்

சேலத்தில் ஒரு ஆய்வகத்துக்காகக் காற்று மாதிரி எடுக்கிற வேலையில் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. வேலை என்றால் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. மொட்டை மாடியில் ஒரு மெஷின் இருக்கும், அது நிமிஷத்துக்குச் சுமார் 1.1 கன மீட்டர் காற்றை உறிஞ்சும். பெருந்தூசி சுழன்று கீழே உள்ள கப்பில் விழுந்துவிடும், 10 மைக்ரானும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அதற்குக் கீழேயும் உள்ளது மேலே வைத்திருக்கிற கண்ணாடியிழைத் தாளில் படியும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை இடுக்கியால் எடுத்து, கவரில் போட்டு, லேபுக்குக் கொண்டுபோய் ஈரம் போக வைத்து எடை போடுவோம். படிந்தது 40, 50 மில்லிகிராம் இருந்தால் அதிகம். ஒரு சிட்டிகை உப்பில் பாதி கூட வராது. அதற்குத்தான் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போவது.

முதல் வருஷமே திட்டு வாங்கினேன். ஒரு நாள் காலைத் தாளின் எடை இரண்டு மடங்கு. விசாரித்தால், அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் பெரியவர் வேப்பஞ்சருகைக் கூட்டி மெஷினுக்கு நேர் கீழே கொளுத்தியிருக்கிறார். "வெள்ளைப் புகைதானுங்க தம்பி வந்துச்சு, கருப்பாவே இல்லியே" என்றார் பாவம். ரீடிங்கைத் தள்ளுபடி செய்தோம், ஆனால் தாளைப் பார்த்தால் டீத்தூள் வடிகட்டிய துணி மாதிரிப் பழுப்பாக இருந்தது. அதுவரை எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் முதல்முறையாக நிறத்தைப் பார்த்தேன்.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. பஸ்ஸும் லாரியும் உறுமுகிற இடத்துத் தாள் கரிப்பானையைத் துடைத்த மாதிரி வரும். வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், வெட்டுகிற பக்கத்துத் தாள் வெளிறிய சாம்பல், கப்பில் விழுந்த தூசியோ கோலமாவு போலவே இருக்கும். இரண்டும் தராசில் ஒரே எடை காட்டலாம். ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் ஒரே எண்தான், ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்கிற 24 மணி நேர வரம்புக்குக் கீழேயா மேலேயா என்பதுதான் கேள்வி. ஆனால் தலைக்கு மேலே இரண்டும் செய்கிற வேலை நேர் எதிர். வெளிர்ந்த தூசி வெயிலைச் சிதறடித்து ஒரு பங்கை வானத்துக்கே திருப்பி அனுப்புகிறது. நிலக்கரிப் புகையில் வருகிற கந்தக வாயு காற்றில் மாறி உண்டாகும் சல்பேட்டும் அப்படித்தான், அதற்கு நிறமே கிடையாது. பஸ், லாரிப் புகையில் வருகிற கரி மட்டும் வெயிலைக் குடித்துத் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு மே மாதம் ஐந்து ரோட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சேலம் ஒரு சட்டி. வடக்கே சேர்வராயன் மலை, சுற்றிலும் நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை. தை மாதம் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் பத்து நாள் மாதிரி எடுக்கிற வேலை வந்தது, தினமும் விடியுமுன் பைக்கில் ஏறுவேன். கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டும்போது கை விறைக்கும். சரி, மேலே போகப் போக இன்னும் குளிரும் என்று பார்த்தால், சில வளைவு ஏறியதும் முகத்தில் காற்று வெதுவெதுப்பாக அடிக்கும்! இன்னும் மேலே போனால்தான் திரும்பக் குளிர். ராத்திரி மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் மாதிரி வழிந்து சட்டிக்குள் தேங்கிவிடுகிறது, அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டு உட்கார்ந்துகொள்கிறது. இருபதாவது வளைவும் தாண்டி லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் நின்று பார்த்தால் அந்த மூடி கண்ணுக்கே தெரியும். எங்கேயோ ஒரு புகை நேராக எழும்பும், ஒரு உயரத்துக்கு வந்ததும் தலையில் கூரை இடித்த மாதிரி மடங்கிப் படுத்துக்கொள்ளும். ஊர் முழுவதும் அந்தப் பழுப்புக்கு அடியில்.

வெயில் ஏறித் தரை சூடானால் மூடி உடையும். ஆனால் மேலே நிற்கிற கரி அந்த வெயிலை வழியிலேயே பிடித்துக்கொண்டு, தானிருக்கிற உயரத்தைச் சூடாக்குகிறது, தரைக்குச் சேர வேண்டியது குறைகிறது. ஆக மூடி உடையத் தாமதம், அதற்குள் பள்ளிக்கூட வேன் எல்லாம் கிளம்பி இன்னும் புகை சேர்த்துவிடும். புகை தனக்குத் தானே கூரை வேய்ந்துகொள்கிற வேலை இது. எட்டு வருஷம் இந்த ஊரில் காற்றை எடை போட்டும், பைக்கில் முகத்தில் அடித்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

இது சட்டிக்குள் மட்டும் நடப்பதில்லை. 1999இல் இந்தியப் பெருங்கடல் மேல் விமானமும் கப்பலும் வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். நடுக்கடல் மேலும் சுமார் 3 கிலோமீட்டர் கனத்துக்கு இதே பழுப்பு மூட்டம்தான்.

இதில் எனக்கு உறுத்துகிற கணக்கு ஒன்று உண்டு. ஐ.நா.வின் காலநிலை மாற்ற ஆய்வுக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி இந்தத் தூசியும் சல்பேட்டும் சேர்ந்து உலகச் சூட்டில் ஏறக்குறைய 0.4 டிகிரியை மறைத்து வைத்திருக்கின்றன. அதாவது நாங்கள் பிடிக்கிற அழுக்கு, நுரையீரலைக் கெடுத்துக்கொண்டே ஊருக்குக் குடையும் பிடிக்கிறது. துடைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும், குடையும் சேர்த்துத்தான். நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிற கரியமில வாயுவோ என் தாளில் படிவதே இல்லை. சுத்தமான வெள்ளைக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் சுமார் 52 கிலோ அப்படி வாயுவாகப் போய்விடும், பாதிக் கல்லுக்கு மேல்! என் மெஷினுக்கு அது நடந்ததே தெரியாது. அதற்காகத் தூசியை விட்டுவைக்கலாம் என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. அவர்கள் வந்து அந்தத் தாளை ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும்.

லாக் புக்கில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் எழுதுவோம். இரண்டு வருஷமாக நான் அதில் தாளின் நிறத்தையும், மாடியிலிருந்து சேர்வராயன் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தையும் எழுதுகிறேன். லேபில் ஒருமுறை "இது எதுக்குங்க, ரிப்போர்ட்ல இதுக்குக் கட்டமே இல்லியே" என்று கேட்டார்கள். சிரித்துவிட்டு வந்தேன். கடைசியாக எழுதியது: 'தாள் கருப்பு. மலை தெரிந்தது 9.40.'