பரோட்டாக் கல்லை விட்டு இறங்கி கிராஜுவிட்டி வாங்கின கதை

பணம் வந்துவிட்டது. ஆனாலும் அம்பாசமுத்திரத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் வெட்டியாக அலைந்த மூன்று நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

2014 நவம்பரில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராகச் சேர்ந்தேன். தினம் பன்னிரண்டு மணி நேரம் கல்லு முன்னால் நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. 2023 ஜூனில் நின்றுவிட்டேன். கணக்கு முடிக்கும்போது கிராஜுவிட்டி கேட்டேன், அதாவது அஞ்சு வருசமாவது வேலை பார்த்தவன் நிற்கும்போது முதலாளி தர வேண்டிய பணம். கல்லாவில் இருந்த முதலாளி சிரித்தார். "என்ன மாஸ்டர், கொரோனாவுல கடையப் பூட்டுனப்பவே பழைய கணக்கு முடிஞ்சிட்டுல்லா. 2020-ல நீரு புதுசாத்தான சேந்தீரு? அஞ்சு வருசம் எங்க ஆச்சு?" தினக்கூலிக்கு அதெல்லாம் கிடையாது என்று கொசுறு வேறு.

இரண்டும் பொய். பத்துப் பேர் வேலை பார்க்கிற கடைக்கு அப்போது 1972-ஆம் வருசத்துக் கிராஜுவிட்டிச் சட்டம் இருந்தது, தினக்கூலியும் அதில் சேர்த்தி. நம் தப்பில்லாமல் வேலை நின்றால் சர்வீஸ் அறுந்துபோகாது. இதைப் பிறகு ஒரு தொழிற்சங்கத்து அண்ணாச்சி டீக்கடையில் வைத்துச் சொன்னார். அன்றைக்கு நான் தலையை ஆட்டிவிட்டு வந்தவன்தான்.

அவர் சொன்ன பிறகுதான் தொழிலாளர் ஆபீஸில் மனுப் போடக் கிளம்பினேன். முதல் நாள் போனது தப்பான ஆபீஸ். இரண்டாம் நாள் அதிகாரி கேம்ப். மூன்றாம் நாள் கிளார்க் நிமிராமலே, "ஐ ஃபாரம் போட்டாச்சா?" என்றார். கண் ஆஸ்பத்திரிச் சான்றிதழோ என்று முழித்தேன். முதலில் முதலாளிக்கு அந்த ஃபாரத்தை அனுப்பி, முப்பது நாள் பார்த்து, தராவிட்டால்தான் இங்கே 'என்' ஃபாரம் போடணுமாம். இதை முதல் நாளே வாசலில் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தால் எனக்கு மூன்று நாள் கூலி மிஞ்சியிருக்கும். இந்த மாதிரி ஃபாரத்தைக் கையில் கொடுக்காதீர்கள். பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டையோடு அனுப்புங்கள். அந்த அட்டைதான் உங்கள் உயிர்.

அடுத்த சிக்கல், 2014-லிருந்து இருந்தேன் என்பதற்கு என்ன அத்தாட்சி? ஆர்டர் கிடையாது. இஎஸ்ஐ போட்டதே 2021-ல்தான். வீட்டுக்காரிதான் ரேஷன் கார்டு கவருக்குள் இருந்து ஒரு கற்றையை உருவினாள். சமையல்காரனுக்கு வருசா வருசம் எடுக்கிற மெடிக்கல் ஃபிட்னஸ் சர்டிபிகேட்! 2015-லிருந்து ஒவ்வொன்றிலும் என் பெயர், எந்தக் கடையில் வேலை என்பது, டாக்டர் கையெழுத்து, தேதி. ஹோட்டல்காரப் பிள்ளைகளா, டைபாய்டு ஊசி போட்ட கையோடு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள்.

சம்பளத்திலும் ஒரு கூத்து. நாங்கள் கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்டரில் நாள் கூலி 500, வாங்கினது 800. நல்லவேளை, கடைசி ஒன்றரை வருசம் வாரச் சம்பளம் ஜிபேயில் வந்தது. பேங்க் ஸ்டேட்மெண்டை நீட்டினதும் முதலாளி தரப்பு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

நாலு வாய்தா. எட்டு வருசம் ஏழு மாதம். ஆறு மாதத்துக்கு மேலே போனால் முழு வருசமாம், ஆக ஒன்பது. வருசத்துக்குப் பதினைந்து நாள் கூலி. 800-ஐப் பதினைந்தாலும் ஒன்பதாலும் பெருக்கினால் 1,08,000. வட்டியும் கேட்டிருக்கலாம், ராசியாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த அண்ணாச்சி இன்னமும் அதற்கு என்னை ஏசுகிறார்.

2024 மே மாதம் டிடியை நீட்டும்போது முதலாளி முணுமுணுத்தார்: "அந்தச் சர்டிபிகேட்டுக்கெல்லாம் துட்டு நாந்தான வே குடுத்தேன்."

"ஆமா மொதலாளி, நீங்கதான்" என்றேன்.