பொம்மைகிட்ட பேசிப் பழகுன நாலு வருஷம் - என் பிஎஸ்சி நர்சிங் அனுபவம்

பிளஸ் டூ முடிச்சு நர்சிங் சேரப்போறேன்னதும் காரைக்குடியில எங்க தெருவே சொன்னது, உனக்கு எளகுன மனசு, சரியா வரும்னு. நானும் நம்பித்தான் போனேன், ஆனா அந்த மனசை வச்சு என்ன செய்யணும்னு காலேஜ்லதான் கத்துக்கிட்டேன்.

எங்க பேட்ச்லதான், 2021ல, செமஸ்டர் முறை வந்துச்சு, நாலு வருஷத்துக்கு மொத்தம் 8 செமஸ்டர். முதல் வருஷம் லேப்ல டம்மி பொம்மைக்கு பிபி பாக்குறதுக்கு முன்னாடி "அம்மா, கையை இறுக்குற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரந்தான்"னு சொல்லணும், சொல்லாம கையில பிபி பட்டையைச் சுத்துனா மார்க் போச்சு, ஸ்க்ரீன் இழுக்காம துணியை விலக்குனாலும் போச்சு. பொம்மைக்கு என்ன கூச்சம்னுதான் அப்ப தோணும். வார்டுல நினைவில்லாத ஒரு அம்மாவுக்கு படுக்கைப்புண் வராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைப்போம், பழக்க தோஷத்துல ஒவ்வொரு தடவையும் "அம்மா திருப்பப் போறோம்"னு சொல்லுவேன். மூணாம் நாள் பாத்தா அவங்க மகளும் அதையே சொல்லிட்டுத் திருப்புறாங்க.

மூணாவது வருஷம் கம்யூனிட்டி போஸ்டிங், அதாவது வீடு வீடாப் போய்ப் பாக்குற பயிற்சி, கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஊரு. வீட்டுக்குப் போனா பையை அப்படியே வைக்கக் கூடாது, நியூஸ்பேப்பர் விரிச்சு அது மேல வச்சு, கை கழுவி, ஏப்ரன் போட்டு அப்பறம்தான் சாமானை எடுக்கணும். பெரிய வீடு, தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல்லு பளபளங்குது, நான் பேப்பரை விரிச்சதும் ஆச்சிக்கு முகம் மாறிப்போச்சு.

"என்னாத்தா, எங்க வீட்டுத் தரை அவ்வளவு அழுக்கா?"

எனக்கு வேர்த்துருச்சு. "இல்லைங்க ஆச்சி, நான் நாலு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன், ஒரு வீட்டுக் கிருமி என் பையோட இன்னொரு வீட்டுக்குப் போயிரக் கூடாதுல்ல"ன்னேன். அதுக்கப்பறந்தான் காலை நீட்டுனாங்க. ரொம்ப வருஷமா சுகர், வத்தல் காயப்போட செருப்பில்லாம உச்சி வெயில்ல மொட்டைமாடிக்குப் போயிருக்காங்க, உணர்ச்சி மரத்த காலு, சுட்டதே தெரியல, கொப்புளம் ஒடஞ்சு புண்ணாயிருச்சு. பிள்ளைக சிங்கப்பூர்ல. "வீடியோ கால்ல முகத்தைத்தான காட்டுறேன், காலையா காட்டுறேன்"னாங்க. கேட்டதும் எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு, ஆனா கை பாட்டுக்கு டிரஸ்ஸிங் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பயிற்சியைத்தான் நான் பெருசா நெனைக்கிறேன்.

செவரெல்லாம் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி, உள்ளங்காலைப் பாக்க ஒண்ணுகூட இல்ல. ஒரு சின்னக் கண்ணாடி வச்சு தினமும் பாருங்க ஆச்சி, வீட்டுக்குள்ளயும் செருப்பு போடுங்கன்னு சொன்னேன், செருப்புக்கு மட்டும் ஒத்துக்கவே இல்ல (இன்னும் அந்தக் கவலை இருக்கு).

அப்பறம் 22 வாரம் இன்டர்ன்ஷிப், நர்சிங் கவுன்சில்ல பேரு பதிஞ்சது எல்லாம் வேகமா ஓடிருச்சு. அந்த கம்யூனிட்டி போஸ்டிங்ல கடைசியா ஆச்சி வீட்டுக்குப் போனப்ப பேப்பர் ஏற்கனவே விரிச்சிருந்துச்சு, பக்கத்துல சோப்பும் ஒரு சொம்புத் தண்ணியும். நான் கட்டைப் பிரிச்சதும் கைக்கண்ணாடியைக் கால்கிட்ட புடிச்சாங்க, "ஓரத்துல செவப்பா சதை வருதுத்தா, இங்க பாரு"ன்னு எனக்குக் காட்டுனாங்க.