500 ரூபாய்க்குள் ஓர் ஆறு

நான் காவிரிக் கரையில் பிறந்தவள். ஆடிப்பெருக்கு என்றால் அம்மா மண்டபம் படித்துறை, மஞ்சள் கயிறு, காப்பரிசி, காலைத் தொட்டுக்கொண்டு ஓடும் புதுவெள்ளம். 2018-இல் யாழ்ப்பாணம் வந்து கோண்டாவிலில் குடியேறிய முதல் வாரத்திலேயே மாமியிடம் கேட்டேன்: "இங்கே ஆறு எந்தப் பக்கம் மாமி?"

"ஆறா? இங்கே ஏது பிள்ளை ஆறு! வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் மழைக்கு மட்டும்தான் ஓடும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு இல்லாத ஊரில் ஒரு திசையை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மலைக்கோட்டை மாதிரி நிமிர்ந்து பார்க்கவும் ஒன்றும் இல்லை. எங்கு பார்த்தாலும் சமதரை, பனை, வேலி.

என் கணவர் 1990-இல் சிறுவனாகப் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். திருச்சி முகாமில் வளர்ந்தவர். அவருக்கு இது ஊர் திரும்புதல். எனக்கு இது கடவுச்சீட்டும் வதிவிட விசாவும் வேண்டியிருக்கும் வேறு நாடு. தமிழ் பேசும் இடம்தானே, பழகுவதற்கு என்ன இருக்கிறது என்று இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் கேட்டார்கள். அந்தக் கேள்விதான் என்னை அதிகம் தனிமைப்படுத்தியது. இங்கே உரையாடுவது கதைப்பது. பேசுவது என்றால் திட்டுவது. "நேற்று மாமியோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, அவர் முகம் மாறுவதைக் கண்டு பதறிப்போன நாள் இன்னும் நினைவிருக்கிறது.

முதல் நான்கு வருடம் என் யாழ்ப்பாணம் மூன்று இடங்களால் ஆனது: வீடு, திருநெல்வேலிச் சந்தை (யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு), கோயில். அவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார், அழைத்து வருவார். பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்க்கிற ஊர் மனதில் தங்குவதில்லை.

2022-இன் பொருளாதார நெருக்கடியில் பெட்ரோல் இல்லாமல் போனது. வரிசைகள் நாள்கணக்கில் நீண்டன. வீட்டைச் சுற்றிய வளவின் மூலையில் கிடந்த மாமியின் பழைய சைக்கிளை அவர் துடைத்து, எண்ணெய் விட்டு, காற்றடித்துக் கொடுத்தார். இங்கே சேலை கட்டிய ஆசிரியைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போவது அன்றாடக் காட்சி. எனக்கு வயது முப்பத்து நான்கு, ஓட்டத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கோயில் வீதியில் ஒரு வாரம் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்து கற்றுக்கொடுத்தாள். மேடு பள்ளம் இல்லாத ஊர் என்பது அந்த வாரத்தில்தான் வரமாகத் தெரிந்தது.

திருச்சிக்குப் போய்வர வருடம் முழுவதும் காசு சேர்க்க வேண்டும். பெரிய பயணம் வருடத்துக்கு ஒன்றுதான். ஆகவே சின்னப் பயணங்களை என் அன்றாட வேலைகளுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டேன். சந்தைக்குப் போனால் ஒரே வழியாகத் திரும்புவதில்லை. இதுவரை நுழையாத ஓர் ஒழுங்கையால், அதாவது சந்தால், வருவேன். சந்தையில் பெயர் தெரியாத ஒரு கீரையையாவது வாங்குவேன், எப்படிச் சமைப்பது என்று விற்கிற அம்மாவிடமே கேட்பேன். முசுட்டை இலை வறை அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் ஊரில் பனங்கிழங்கு என்றால் அவித்து உரித்துத் தின்பது, அவ்வளவுதான். இங்கே பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், இரண்டுக்கும் தனித்தனி வேலை. இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

சனிக்கிழமைகளில் மகளையும் சேர்த்துக்கொண்டேன். செலவு 500 ரூபாயைத் தாண்டக்கூடாது, விளக்கு வைக்கும் முன் வீடு திரும்ப வேண்டும். இந்த இரண்டும்தான் எங்களுக்குள் பேச்சு.

ஒரு சனிக்கிழமை அவர் சொன்னார்: "ஊர்காவற்றுறைக்கு பஸ்ஸில் போங்கள். அங்கிருந்து பாதையில் காரைநகருக்குப் போய், அந்தப் பக்கத்தால் பஸ் எடுத்து வந்துவிடலாம்." பாதை என்றால் சாலை என்று நினைத்துக்கொண்டேன். ஊர்காவற்றுறையில் இறங்கினால் எதிரே கடல். பாதை எங்கே என்று கேட்டேன். ஒருவர் தண்ணீரைக் காட்டினார். இரும்புத் தளம் ஒன்று மெல்ல எங்களை நோக்கி மிதந்து வந்துகொண்டிருந்தது. அதன் பெயர்தான் பாதை.

வீதி அபிவிருத்தி அதிகார சபை நடத்தும் சேவை, கட்டணம் கிடையாது. கூரை இல்லை, இருக்கை இல்லை. நான்கைந்து மோட்டார் சைக்கிள், கருவாட்டு மூட்டையோடு ஒருவர், சீருடைப் பையன்கள் இருவர், நாங்கள். என்ஜின் உறுமியதும் தளம் முழுவதும் அதிர்ந்தது. அந்த அதிர்வு உள்ளங்கால் வழியே ஏறி பல் வரை வந்தது. மகள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு கையை விட்டாள். கருவாட்டுக்காரர் எங்களைப் பார்த்து, கடலுக்கு நடுவே தெரிந்த கல் கட்டடத்தைக் காட்டி, "அதுதான் கடற்கோட்டை, போர்த்துக்கேயர் தொடங்கியது, பிறகு ஒல்லாந்தர் கையில் இருந்தது" என்றார். ஒரு காலத்தில் சிறைச்சாலையாகவும் இருந்ததாம். சுவரின் அடி வரை அலை வந்து போனது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, காரைநகர் வந்துவிட்டது. மகள் இறங்க மறுத்தாள். திரும்பவும் ஒருமுறை போய் வந்தோம். காசு கேட்காத இடத்தில் அதற்கு யார் தடை?

பொன்னாலைப் பாலத்தில் பஸ் வரும்போது இரு பக்கமும் ஆழமில்லாத நீர், கொக்குகள். செலவு 300 ரூபாய் அளவில் முடிந்தது.

கீரிமலைக்குப் போனது வேறொரு நாள். கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு. இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, நிலத்துக்கு அடியிலேயே நடந்து, கடலோரத்தில் வந்து ஊற்றாக எழுகிறது. பெண்களின் கேணியில் தலை முழுகிய அன்று, இந்த ஊரில் ஆறு இல்லை என்று நான் நினைத்தது சரியில்லை என்று தோன்றியது. இங்கே தண்ணீர் மண்ணுக்குக் கீழே ஓடுகிறது. என் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் கண்ணால் பார்க்கிற ஆறு வேண்டும் என்ற ஆசை போகவில்லை. 2023 மார்கழியில் ஒரு வாரம் விடாமல் மழை. சனிக்கிழமை வெளுத்தது. மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மானிப்பாய் தாண்டி நவாலிப் பக்கம் மிதித்தேன். கோண்டாவிலின் செம்மண் மெல்ல மெல்ல நிறம் மாறி, வீடுகள் விலகி, வயல்வெளி திறந்தது. நெல் பச்சையாக நின்றது. வரம்பில் மண்வெட்டியோடு நின்ற ஐயாவிடம் கேட்டேன்: "வழுக்கையாறு எங்கே ஐயா?"

"நீங்கள் நிற்பதற்குப் பக்கத்தில்தான், பிள்ளை."

திரும்பிப் பார்த்தேன். வாய்க்கால் என்று நினைத்துத் தாண்டி வந்ததுதான் ஆறு. காவிரியின் ஒரு கிளைக்குக்கூட ஈடாகாத அகலம். ஆனால் ஓடியது. கலங்கலாக, புல்லை ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டு, அவசரமாக. அந்த ஐயாதான் சொன்னார்: தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழையெல்லாம் இதில் இறங்கி, அராலியில் கடல்நீரேரியில் போய்ச் சேரும், தை பிறந்து வெயில் ஏறினால் மாடு மேயும் தரையாகிவிடும்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முழங்கால் அளவு. நீரின் இழுப்பு காலில் பட்டதும் என்னை அறியாமல் கை கூப்பிக்கொண்டது. மகள் கரையில் கிடந்த பூவரசம் இலை ஒன்றை விட்டாள். அது சுழன்று, புல்லில் சிக்கி, விடுபட்டுப் போனது. இங்கே அவளுக்கு இதுதான் முதல் ஆறு. திருச்சியை விட்டு வந்தபோது அவளுக்கு மூன்று வயது.

நேரம் போனது தெரியவில்லை. திரும்பும்போது குறுக்கு வழி என்று ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்தேன். அது வளைந்து வளைந்து போய் ஒரு வீட்டுப் படலையில் முடிந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. நாய் குரைத்தது. டார்ச் லைட்டோடு ஓர் அம்மா வந்து படலையைத் திறந்தார். வழி தவறிவிட்டோம் என்றேன். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். ஆறு பார்க்கப் போனோம் என்று மகள் சொன்னாள். அவர் எங்கள் ஈரக் காலைப் பார்த்தார். வளவுக்கு உள்ளேயே நடத்திக் கூட்டிப்போய், பின்பக்க வேலியில் இருந்த பொட்டு என்கிற சிறு திறப்பு வழியாகப் பெரிய வீதியில் சேர்த்துவிட்டார். போகும் வழியில் மரத்தை எட்டி நான்கு முருங்கைக்காய் பறித்து சைக்கிள் கூடையில் வைத்தார்.

வீட்டில் விளக்கு வைத்தாகிவிட்டது. வாசலில் நின்ற மாமி முருங்கைக்காயைக் கையில் வாங்கிப் பார்த்து, "நல்ல சதைப்பிடிப்பு. எந்தச் சந்தையில் வாங்கினாய் பிள்ளை?" என்றார்.