மூணாம் நம்பர் வண்டி

ஜூலை 7, திங்கள்
எங்கள் பள்ளி ரோபோ வண்டிகளில் மூணாம் நம்பர் மறுபடி இடப்பக்கம் இழுக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியாயிற்று. முன் உருளையில் சுற்றியிருந்த தலைமுடியையும் எடுத்தாயிற்று. கடைசியாக மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டான மோட்டார் டிரைவரில் இரண்டு மோட்டாரின் ஒயர்களையும் இடம் மாற்றி, முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். இழுப்பு வலப்பக்கம் மாறினால் கோளாறு டிரைவரில். மாறவில்லை, இடது மோட்டார்தான் மந்தம். அந்த மஞ்சள் கியர் மோட்டார்களில் ஜோடி ஒத்துப்போவது அபூர்வம்.

ஜூலை 9, புதன்
மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து கரண்ட் இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு பிள்ளை வண்டி, ஒரு பிள்ளை கட்டளை. "முன்னாடி மூணு, இடம், முன்னாடி ரெண்டு." வண்டி எதிரே திரும்பி நின்றதும் மூன்றாம் வகுப்புக்கு இடம் வலம் குழம்பிவிடுகிறது. கட்டளை சொல்கிறவரை வண்டிக்குப் பின்னால் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் செய்யும் ஸ்கிராட்ச் திறக்குமுன் எல்லாப் பிள்ளைகளும் இதை ஒருமுறை செய்தே ஆகவேண்டும்.

ஜூலை 10, வியாழன்
மூணாம் நம்பரின் நிரலில் வலது மோட்டார் வேகம் (முழு வேகம் 255) 200 லிருந்து 180. மாற்றமில்லை. 150. மாற்றமே இல்லை.

ஜூலை 14, திங்கள்
கோட்டைப் பின்தொடரும் வண்டிகள் காலையில் ஓடுகின்றன, நாலரை மணிக்குக் கிறுக்குப் பிடித்து அலைகின்றன. மேற்கு ஜன்னல் வெயில்தான். தரையிலிருந்து திரும்பும் அகச்சிவப்பை வைத்துத்தான் சென்சார் கறுப்பு வெள்ளை பார்க்கிறது, வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. சென்சாருக்குக் கறுப்பு டேப்பும் வெள்ளைத் தரையாகத் தெரிகிறது. ஜன்னலை மூடி, சென்சாரைச் சுற்றிக் கறுப்புச் சார்ட்டில் பாவாடை கட்டினோம். தரைக்கும் சென்சாருக்கும் ஒரு சென்டிமீட்டர். அப்புறம் சென்சாரின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரைத் திருகி, வெள்ளையில் விளக்கு எரிந்து கறுப்பில் அணையும் இடத்தில் நிறுத்தவேண்டும். திருகுவது பிள்ளைகள் கையாலேயே.

மொசைக் தரையில் ஓட்டவே கூடாது. கறுப்புச் சில்லு ஒவ்வொன்றும் கோடாகத் தெரியும். வெள்ளைச் சார்ட் ஒட்டித்தான் பாதை. பளபளக்கும் இன்சுலேஷன் டேப்பும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் மங்கலான கறுப்புத் துணி டேப் கேட்கவேண்டும்.

ஜூலை 16, புதன்
கிடைத்துவிட்டது! நாலாம் வகுப்புப் பிள்ளை இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் வைத்து ஒயர் ஒயராக ஒப்பிட்டாள். "டீச்சர், இதுல மட்டும் கறுப்புத் தொப்பி இருக்கு. ஒரு ஒயரு சும்மா கெடக்கு." எல்298என் டிரைவர் போர்டில், வலது மோட்டாரின் வேக ஒயர் செருகவேண்டிய எனேபிள் பின்னில் ஜம்பர், அதாவது அந்தத் தொப்பி, மாட்டியபடியே இருந்தது. அது இருந்தால் மோட்டாருக்கு எப்போதும் முழு வேகம். நிரலில் 150 எழுதினாலும் ஒன்றுதான். வேக ஒயர் போர்டுக்கு அடியில் கிடந்தது. ஜம்பரைப் பிடுங்கி ஒயரைச் செருகினாள். இடது 200, வலது 184. சார்ட் முழுக்க நூல் பிடித்தாற்போல் போனது. எட்டிப்பார்த்த எல்லாரும் கத்தினார்கள், நானும்தான்.

ஜூலை 18
ஆடி வெள்ளி. பாதிப் பேர் கூழுக்குப் போய்விட்டார்கள். வண்டிகளின் 18650 லித்தியம் செல்களை எல்லாம் சார்ஜில் போட்டேன். உதிரி செல்லை ஸ்குரூ டப்பாவில் போடும் பழக்கம் யாருக்கும் வரக்கூடாது. இரு முனையையும் ஓர் ஆணி தொட்டால் தீ.

ஜூலை 21, திங்கள்
ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் சுவரைச் சரியாக அளக்கிறது, எதிரே நிற்கும் பிள்ளையைக் காணவில்லை. சீருடைத் துணி ஒலியை உறிஞ்சிவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒலி போய்த் திரும்ப 58 மைக்ரோசெகண்ட். எதிரொலியே வராவிட்டால் எதைக் கணக்கிடுவது? நெஞ்சருகே பரீட்சை அட்டையை நேராகப் பிடித்ததும் படித்தது. அட்டை சாய்ந்தால் மறுபடி இல்லை.

ஜூலை 23
மூணாம் நம்பர் இப்போது வலப்பக்கம் இழுக்கிறது. இரண்டு செல்லும் சேர்ந்து 7 வோல்ட்தான் காட்டுகிறது, அதில் டிரைவர் 2 வோல்ட் விழுங்கிவிடும். 184 போதவில்லை போல. நாளை முழு சார்ஜில் ஒருமுறை, இறங்கிய பிறகு ஒருமுறை ஓட்டி, இரண்டு எண்ணையும் அந்தப் பிள்ளையே குறிக்கவேண்டும்.