டிசம்பர், போர்ட் பிளேர்

டிசம்பர் 3
அப்பாவுக்குக் காய்ச்சல், 102. இரவு 2 மணிக்கு 103.

டிசம்பர் 4
ஈரத்துணி மாற்றும் நேரம் போக மடிக்கணினியில் என் ஈர்ப்பு மாதிரிக் கணக்கோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்தமானுக்கு மேற்கே, இந்தியாவைச் சுமக்கும் பெரும் பாறைப் பலகையான இந்தியத் தட்டு பூமிக்கு உள்ளே இறங்கும் இடத்தில் ஓர் அகழி இருக்க வேண்டும். கடல்தரை வரைபடத்தில் அது சரியாகத் தெரியாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த வண்டல் அதை நிரப்பிவிட்டது. ஆனால் ஈர்ப்பை அளந்தால் பள்ளம் அப்படியே இருக்கிறது.

அங்கே ஈர்ப்பு குறைவதற்கு வண்டல் லேசாக இருப்பது ஒரு காரணம். இறங்கும் தட்டு தரையைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பது இன்னொன்று. ஆனால் தட்டு குளிர்ந்தது, அதனால் கனமானது. அது ஈர்ப்பைக் கூட்டவும் செய்கிறது. எவ்வளவு குளிர்ச்சி என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் பாறை 100 டிகிரி குளிர்ந்தால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ கனம் கூடும். 3300 கிலோவில் 10. இவ்வளவு சின்ன எண் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

டிசம்பர் 5
ரத்தப் பரிசோதனை முடிவு நாளை.

டிசம்பர் 6
மலேரியா இல்லை. டெங்கு இல்லை. "பார்க்கலாம்" என்கிறார் டாக்டர்.

டச்சுப் புவி இயற்பியலாளர் வெனிங் மைனஸ் ஞாபகம் வந்தார். 1923-இல் நீர்மூழ்கிக் கப்பலில் ஈர்ப்பை அளக்கும் ஊசல்களை ஏற்றிக்கொண்டு ஹாலந்திலிருந்து ஜாவா வரை போனார். ஆறடிக்கும் மேல் உயரம், அந்த நெருக்கடியான கப்பலுக்குள். மேலே இருந்தால் அலை ஊசலைக் குழப்பும், அதனால்தான் கீழே. ஜாவா அகழியை ஒட்டி ஈர்ப்பு 100 மில்லிகாலுக்கும் (ஈர்ப்பை அளக்கும் சிறிய அலகு) மேல் குறைந்த பட்டையை அவர்தான் கண்டார். உள்ளே இறங்கிப் பார்க்க முடியாத ஒன்றை வெளியிலிருந்தே கண்டுபிடித்த பொறுமை அது. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், 12 கிலோமீட்டர்தான். மேன்டிலை அது தொடவே இல்லை.

டிசம்பர் 9
கடல் கொந்தளிப்பு. சென்னைக் கப்பல் ரத்து. அண்ணன் விமானத்தில் வருகிறேன் என்கிறான்.

டிசம்பர் 11
அப்பா 54 கிலோ. போன மாதம் 61.
150 மில்லிகால் குறைவான இடத்தில் வில்தராசில் நின்றால் அவருக்கு 8 கிராம் குறைத்துக் காட்டும். அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மீதிக் குறைவுக்குக் காரணம் யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 14
சார் போனில் பேசினார். வண்டல் அடர்த்தியை மாற்றினால் போதும், வெப்பநிலையை ஏன் தொடுகிறாய் என்றார். வண்டலைக் கொஞ்சம் லேசாக்கினேன், என் கணக்குக்கும் அளவீட்டுக்கும் இடையிலான பிழை மறைந்தது. பழையபடி வைத்துவிட்டுத் தட்டைக் கொஞ்சம் சூடாக்கினேன், அப்போதும் கிட்டத்தட்ட மறைந்தது. அப்படியானால் சுலபமானதை எடுத்துக்கொள்வது சரியா? ஆழத்தில் இருப்பது மேலே ஒருபோதும் கூர்மையாகத் தெரியாது, அகன்று மங்கலாகத்தான் தெரியும். மேலே அகலமாகப் பரவியிருக்கும் வண்டலும் அதே மாதிரி வேடம் போடும். எனக்குக் கோபம். சார் மீது இல்லை.

டிசம்பர் 18
99! அரை டம்ளர் கஞ்சி குடித்தார், உப்பு போதவில்லை என்றார். அழுதுவிட்டேன்.

மாலையில் பாரன் தீவைப் பற்றி நிறைய எழுதினேன். இங்கிருந்து 135 கிலோமீட்டரில் எரிமலை. அதற்கு அடியில் போவதோ குளிர்ந்த தட்டு. எத்தனை முறை படித்தாலும் இது எனக்குப் பழகவில்லை. தட்டு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் தன்னிடமுள்ள நீரை விட, மேலே இருக்கும் சூடான மேன்டில் அந்த நீரால்தான் உருகுகிறது. அங்கே சூடு முன்பே இருந்தது. நீர் போய்ச் சேர வேண்டியிருந்தது. வண்டலை மாற்றினால் இந்த எரிமலைக் குழம்பு மாறாது. அப்புறம், தீவின் குழம்புப் பாறையிலும் வெப்பநிலைக்கான தடயம் இருக்கும். சாருக்கு இதைச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 21
மறுபடி 101.

டிசம்பர் 24
ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "சிப்பிகாட்ல தண்ணி வடிஞ்சிடுச்சா பாப்பா?" என்றார். அங்கிருந்த எங்கள் வயல் 2004 நிலநடுக்கத்தில் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது, அதன்பின் கடல் திரும்பிப் போகவே இல்லை. அந்த நிலநடுக்கத்தால் அந்தமான் கடல் பக்கம் ஈர்ப்பு 15 மைக்ரோகால் (ஒரு மில்லிகாலில் ஆயிரம் மைக்ரோகால்) அளவுக்குக் குறைந்ததை, பூமியின் ஈர்ப்பை அளந்த கிரேஸ் செயற்கைக்கோள்கள் வானத்திலிருந்து உணர்ந்தன. எங்கள் வயலும் அந்தக் கணக்கில் ஒரு துளி. அப்பாவிடம் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 26
காலை 6.29-க்கு இரண்டு பேரும் விழித்திருந்தோம். பேசவில்லை.

டிசம்பர் 27
வண்டலைத் தொடாமல், தட்டின் வெப்பநிலையை மட்டும் 50 டிகிரி இடைவெளியில் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் 11 மணிக்கு வருகிறான். ஸ்கேன் முடிவு மதியம். தெர்மாமீட்டர் அப்பாவின் நாக்குக்கடியில் இருக்கிறது, இன்னும் ஒரு நிமிடம்