அம்மாவின் சிவப்பு ஐசியும் முக்கால் அலமாரித் தமிழ்ப் புத்தகங்களும்

எங்கள் ஊர் நூலகத்தில் தமிழுக்கென்று முக்கால் அலமாரி இருந்தது. போன ஆண்டுப் பள்ளி விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் இரண்டு தட்டுதான் மிச்சம், மேல் தட்டுகளில் எஸ்பிஎம் என்னும் மலேசியப் பள்ளித் தேர்வுக்கான கணிதப் பயிற்சி நூல்களை அடுக்கியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நேரே முகப்புக்குப் போய், ‘எங்கள் புத்தகமெல்லாம் எங்கே?’ என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகத்தான். அங்கிருந்த மலாய்க்கார அம்மா பதிலே சொல்லாமல் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஓர் ஆண்டில் தமிழ் நூல்கள் இரவல் போன கணக்கு. ஒற்றை இலக்கம்.

அந்த அலமாரியில் பாதிக்கு மேல் நானே படித்திருக்கிறேன். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, சனிக்கிழமை சனிக்கிழமையாக, பத்து வருஷம். ஆனால் என்னிடம் உறுப்பினர் காட் (அட்டை) கிடையாது, ஒரு புத்தகம்கூட என் பெயரில் வெளியே போனதில்லை.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி. குலை ஏற்றிய லோரி எடைச்சீட்டு இல்லாமல் உள்ளே போய்விட்டால் அந்தக் குலை வந்ததாகவே கணக்கில்லை. இதையே தினமும் செய்கிறவளுக்கு நூலகத்திலும் அதே கதைதான் என்று புரிய இவ்வளவு நாள் ஆனது வெட்கமாகத்தான் இருந்தது. உட்கார்ந்து படித்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்களை அந்தக் கணினிக்குத் தெரியாது. யாரும் எடுக்காத புத்தகம் கொஞ்ச காலத்தில் கட்டுக்கட்டிக் கிடங்குக்குப் போகும், காலியான தட்டு எதற்குத் தேவை இருக்கிறதோ அதற்குப் போகும். அதில் யார் மேலும் குறை சொல்ல முடியாது. ஊரும் முன்பு மாதிரி இல்லையே. இந்த நூலகம் கட்டும்போது இரண்டு வரிசைக் கடைகளும் சுற்றிலும் கித்தா (ரப்பர்) காடும்தான். கித்தா போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் செம்பனையிலும் ஒரு பக்கத்தை மேம்பாட்டாளருக்கு விற்று மூன்று தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்துவிட்டது. தோட்டத்து லய வீடுகளில் இருந்த எங்கள் சனங்கள் பாதி அந்தத் தாமான்களில், மீதி சிலாங்கூருக்கும் ஜொகூருக்கும். பரீட்சைக்குப் படிக்க இடமில்லாத பிள்ளைகள், வைஃபைக்கு வந்து உட்காரும் நேப்பாளக் காவலாளி, குழந்தைகளோடு வரும் புது மலாய்க் குடும்பங்கள் என்று எல்லோருக்கும் அதே ஒரு கூடம்தான்.

சரி, காட் எடுத்துவிடலாம் என்று இறங்கினேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். என் மைகாட் அடையாள அட்டையில் இருந்த முகவரி நான் பிறந்த தோட்டத்தின் இரண்டாம் டிவிஷன். அந்த டிவிஷன் இப்போது இல்லை, அது இருந்த இடத்தில்தான் நாங்கள் குடியிருக்கும் தாமானே நிற்கிறது. வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் சொல்லி முகவரியை மாற்ற வேண்டும் என்பது விதி. எங்கள் தாமானில் எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். மின்சார பில் கொண்டு வந்தால் போதும் என்றார் முகப்பில் இருந்த அம்மா. பில் என் கணவர் பெயரில். அதற்குத் திருமணச் சான்றிதழ் நகல். மூன்றாவது தடவை போனபோதுதான் காட் கையில் கிடைத்தது. மகளுக்குச் சுலபம், அவளுடைய இளஞ்சிவப்பு மைகிட் பிள்ளைகள் அட்டையும் என் மைகாட்டும் போதும், அங்கேயே பதிந்து கொடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்குத்தான் சிக்கல். அம்மா 1952இல் இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். வீட்டிலேயே பிரசவம், பிறப்புச் சூராட் (சான்றிதழ்) எதுவும் இல்லை, தாத்தாவும் அந்தக் காலத்தில் எதற்கும் மனுப் போடவில்லை. அதனால் இன்றுவரை சிவப்பு ஐசிதான், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை. நூலக உறுப்பினர் பாரத்தில் ‘குடிமகனா, குடிமகன் அல்லாதவரா’ என்று ஒரு கட்டம் இருந்தது. அல்லாதவர் என்றால் 50 வெள்ளி (ரிங்கிட்) வைப்புத்தொகை, காட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அந்த நூலகத்தின் விதி அது. எழுபது வயது தாண்டியவரிடம், இதே மண்ணில் முப்பது வருஷம் பால் வெட்டியவரிடம் இதைக் கேட்கிறார்களே என்று எனக்கு முகம் சிவந்தது. முகப்பில் இருந்தவருக்கும் சங்கடம்தான். மெதுவான குரலில், ‘பேத்தி காட்டிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்’ என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அம்மாவும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்கு வரும் வழியில் மோட்டரின் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்து புத்தகம் கேட்கும் படலம். யாரிடம் கேட்பது என்பதிலேயே ஒரு மாதம் போனது. இதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு அலைச்சல் மிச்சம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் நாட்டில் நூலகம் என்பது அரசியலமைப்பின் கூட்டரசுப் பட்டியலிலும் இருக்கிறது, மாநிலப் பட்டியலிலும் இருக்கிறது. மேலே 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய நூலகம். மாநிலத்துக்கு மாநிலம் பொது நூலகக் கழகம் தனி, ஊர் நூலகம் பெரும்பாலும் அதன் கிளை. சில இடங்களில் நகராண்மைக் கழகமே சொந்தமாக நூலகம் நடத்துகிறது. வெளியே தொங்கும் பெயர்ப் பலகையில் எந்தச் சின்னம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஊராட்சி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, அது வேறு இலாகா என்று பதில் வர மூன்று வாரம். மாநிலத் தலைமை நூலகத்துக்கு எழுதினேன், கிளை வழியாக அனுப்பச் சொன்னார்கள். கிளைக்கு வந்தால் அதே மலாய்க்கார அம்மா, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பக்கப் பாரத்தை எடுத்துக் கொடுத்தார். நூல் பரிந்துரைப் பாரம். முதல் நாளே கேட்டிருக்கலாம், நான்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பாரத்தில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண் எல்லாம் கேட்கிறார்கள். நான் வீராப்பாக 30 தலைப்பு எழுதிக் கொடுத்தேன். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. காரணம் எளிது: நூலகம் பதிவு பெற்ற விற்பனையாளரிடம்தான் வாங்க முடியும். நம் ஊர் மளிகைக் கடையில் ஒரு மூலையில் தமிழ்ப் புத்தகம் விற்கிறாரே, அவரிடம் நேரே காசு கொடுத்து வாங்க முடியாது. தமிழ்நாட்டில் அச்சான நூல் என்றால் யாராவது தருவித்து, வெள்ளியில் விலை போட்டு விலைப்புள்ளி கொடுக்க வேண்டும். ஒரே ஒரு நூலுக்கு எந்த விற்பனையாளர் அந்தச் சிரமத்தை எடுப்பார்? இரண்டாவது பட்டியலில் வழியை மாற்றினேன். இங்கேயே வெளியான நூல்களை முன்னால் வைத்தேன். பின்னட்டைக் கோட்டுக் குறியீட்டில் 978க்கு அடுத்து 967 அல்லது 983 என்று இருந்தால் அது மலேசியப் பதிப்பு, அந்த எண்ணைக் கொடுப்பதே தேசிய நூலகம்தான். அதோடு 1986ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டப்படி இங்கே வெளியாகும் அச்சு நூல்களில் ஐந்து படிகளைப் பதிப்பாளர் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதனால் ‘இப்படி ஒரு புத்தகமே தாக் அடா’ (இல்லை) என்று யாராவது சொன்னால் எண்ணைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லலாம். இந்த முறை 11 தலைப்பு ஏற்கப்பட்டது.

இதற்கிடையில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மாநிலத் தலைமை நூலகத்தின் பட்டியலில் தமிழ் நூல்கள் நிறையவே இருக்கின்றன, ஆனால் தேடினால் கிடைக்காது. ரோமன் எழுத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ‘கதை’ என்று தேட நாம் ‘டி’க்குப் பக்கத்தில் ஒரு ‘ஹெச்’ சேர்த்து அடிப்போம். நூலகக்காரர்களின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் ‘த’வுக்கு வெறும் ‘டி’தான், ஹெச் போட்டால் பட்டியல் காலி. ‘ழ’ இன்னும் வேடிக்கை. நாம் இசட், ஹெச் போடுகிறோம், அவர்கள் ‘எல்’ எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போடுகிறார்கள். போதாக்குறைக்குச் சில பழைய பதிவுகள் எந்த முறையிலும் சேராமல் தட்டச்சு செய்தவர் காதில் விழுந்தபடி இருக்கின்றன. தலைப்பை விட்டுவிட்டு நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் டியூவி எண்களில் 894.811ஐப் போட்டுத் தேடியபோதுதான் வரிசையாக வந்து விழுந்தது, அது தமிழ் இலக்கியத்துக்கான எண். இதைக் காட்டியபோது முகப்பு அம்மாவே ‘ஓ, இவ்வளவு இருக்கிறதா’ என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்துதான் நாங்கள் கூட்டாளிகள். நான் அவரை ‘காக்’ (அக்கா) என்பேன், அவர் என்னைப் பார்த்ததும் ‘எட்டு ஒன்பது நாலு வந்தாச்சு’ என்பார்.

புத்தகம் அங்கே இருக்கிறது, இங்கே கொண்டுவருவது எப்படி? அதற்கு வழி சொன்னதும் காக்தான். மொத்தமாக இரவல் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு, தனி ஆளுக்கு இல்லை, அமைப்புக்கு. பெட்டி பெட்டியாகக் கொடுத்து சில மாதம் கழித்து மாற்றிக்கொள்வார்கள். எங்கள் வாசகர் குழுவோ நாலு பேர், சங்கப் பதிவும் இல்லை சாப்பும் (முத்திரை) இல்லை. சாப் குத்தாத கடிதத்தை இந்த நாட்டில் யார் தொடுவார்? கோயில் கமிட்டியிடம் போனேன், திருவிழா முடியட்டும் என்றார்கள். எந்தத் திருவிழா என்று சொல்லவில்லை. கடைசியில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கைகொடுத்தது. தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை போட்டார்: புத்தகம் தொலைந்தால் பள்ளி பொறுப்பாகாது, நான்தான் பொறுப்பு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் நான்கு பெட்டி வந்தது. அதில் ஒன்று முழுக்கச் சமையல் குறிப்பும் சோதிடமும். பரவாயில்லை, அதுதான் முதலில் காலியானது.

நடமாடும் நூலக வண்டி ஏற்கெனவே எங்கள் பக்கம் வந்துகொண்டுதான் இருந்தது, எனக்கே தெரியாமல். காரணம், அது வந்தது புதன்கிழமை காலை பத்து மணிக்கு. பிள்ளைகள் பள்ளியில், பெரியவர்கள் வேலையில். இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு ‘வருகை குறைவு’ என்று எழுதிக்கொண்டு போய்விடும், நிறுத்தத்தை எடுத்துவிடும் யோசனையும் இருந்ததாம். ஒன்று, பள்ளி மண்டபத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அல்லது மாலையில் வர வேண்டும் என்று கேட்டோம். ஓட்டுநரின் வேலை நேரம் ஐந்து மணியோடு முடிவதால் மாலை சரிப்படவில்லை. பள்ளிக்கு ஒத்துக்கொண்டார்கள், ஆனால் வண்டி பெரிது, மழை பெய்தால் பள்ளித் திடலில் சக்கரம் இறங்கிவிடும். எங்கள் ஆலை முதலாளியிடம் கேட்டு இரண்டு லோரி கிரஷர் கல் வாங்கிக் கொட்டினோம். நூலகச் சேவை என்றால் இதெல்லாமும்தான் என்று எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை.

நடுவில் கோலாலம்பூர் போன ஒரு நாள் மகளுக்குத் தேசிய நூலகத்தையும் காட்டினேன். துன் ரசாக் சாலையில் தெங்கோலோக் தலைப்பாகை வடிவத்தில் நிற்கிறதே, அதுதான். ‘இவ்வளவு பெரிசா?’ என்று வாயைப் பிளந்தாள். யுனெஸ்கோ இதே கோலாலம்பூரை 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகர் என்று அறிவித்திருந்தது. ஏப்ரலில் கொண்டாட்டம் தொடங்க வேண்டும், மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நூலகங்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. அந்த ஆண்டு பிள்ளைகள் படித்தது கைப்பேசியில்தான், அதுவும் லைன் கிடைத்தால்.

வண்டி பள்ளிக்கு வந்த முதல் நாள் அம்மாவும் வந்தார். பேத்தி காட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து 50 வெள்ளித் தாளை எடுத்து மேசையில் வைத்தார். ‘என் பேருலேயே இருக்கட்டும்’ என்றார். காக் பாரத்தை நிரப்பி, ரசீது எழுதி, சாப் குத்திக் கொடுத்தார். அம்மா அதை நாலாக மடித்து ஐசி உறைக்குள் வைத்துக்கொண்டார். காலம் முழுக்கத் தமிழ் நேசன் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகியவர், அது 2019இல் நின்றுபோன பிறகு எதையும் தொடர்ந்து படிக்கவில்லை. வண்டிக்குள் ஏறி ஒரு மெல்லிய சிறுவர் கதைப் புத்தகத்தை எடுத்து, படியிலேயே உட்கார்ந்து அரைமணி நேரத்தில் முடித்து, பழைய இடத்திலேயே செருகப் போனார்.

‘அம்மா, இருங்கம்மா, அதை முதலில் பதியணும்’ என்று பிடுங்கிக்கொண்டு ஓடினேன். காக் சிரித்துக்கொண்டே இரவல் பதிந்து, அப்படியே திரும்பப் பெற்றதாகவும் பதிந்தார். அம்மாவுக்கு எழுத்து சிறிதாக இருக்கிறதாம், அடுத்த முறை பெரிய எழுத்தில் கொண்டுவரச் சொன்னார். வண்டி மறுபடி வர மூன்று வாரம் இருக்கிறது, காக் கேட்ட அடுத்த பட்டியலில் இதுவரை ஆறு தலைப்புதான் எழுதியிருக்கிறேன்.