பச்சைத் தண்ணீருக்குக் குளோரின் மட்டும் மருந்தல்ல: திருமலைக் கிணறும் நீச்சல் தடாகமும்

தடாகத் தண்ணீர் பச்சை அடிக்கத் தொடங்கினால் கை உடனே குளோரின் வாளிக்குத்தான் போகும். திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் தடாகம் வைத்திருப்பவர்கள் அதற்கு முதல் பார்க்கவேண்டியது கிணற்றை. கச்சான் காற்று (மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) அடிக்கும் மாதங்களில் தண்ணீர் மட்டுந்தான் ஆவியாகிப் போகும், அதில் கரைந்திருப்பதெல்லாம் தடாகத்திலேயே தங்கிவிடும். பிறகு குறைந்த அளவை நிரப்பக் கிணற்றுத் தண்ணீரை விடுகிறோம், அதனோடு புதிதாகக் கல்சியமும் உப்பும் வந்து சேர்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.25 மீற்றர் ஆழம் என்றால் 40 கன மீற்றர், அதாவது 40,000 லீற்றர். நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் 160 லீற்றர், மாதத்துக்கு 4,800 லீற்றர். கிணற்று நீரின் வன்மை (கரைந்திருக்கும் கல்சியம் போன்றவற்றின் அளவு) 300 பிபிஎம், அதாவது லீற்றருக்கு 300 மில்லிகிராம், என்றால், அந்த ஒரு மாதத்தில் தடாகத்தின் வன்மை ஏறத்தாழ 36 பிபிஎம் ஏறும். நாலு மாதக் கோடையில் அது 140 ஐத் தாண்டும். கேத்தலின் அடியில் படியும் அதே வெண்படிவுதான் பிறகு டைல் ஓரத்திலும் பில்டர் மணலிலும் படிகிறது. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த 40,000 லீற்றருக்கானவை. உங்கள் தடாகத்தின் கொள்ளளவை ஒருமுறை சரியாக அளந்து சுவரில் எழுதி வையுங்கள்.

சோதிக்க நிறம் மாறும் பட்டிகள் வேண்டாம். கடற்கரை ஈரக்காற்றில் போத்தலை நாலு தரம் திறந்தாலே அவை கெட்டுவிடும். குளோரினுக்கு மஞ்சள் நிறம் காட்டும் மலிவான கிட்டும் உதவாது, அது மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். சொட்டுச் சொட்டாக எண்ணும் டிபிடி வகை டெஸ்ட் கிட் விலை கூடத்தான், ஆனால் வாங்கவேண்டியது அதைத்தான். மாதிரித் தண்ணீரை மேற்பரப்பில் அள்ளக்கூடாது. தண்ணீர் திரும்பி வரும் வாயிலுக்கு அப்பால், முழங்கை ஆழத்தில், குழாயைக் கவிழ்த்தபடி இறக்கி அங்கே நிமிர்த்தி எடுக்கவேண்டும். 10 மில்லிலீற்றர் மாதிரியில் டிபிடி தூளைப் போட்டால் இளஞ்சிவப்பாகும், நிறம் போகும்வரை விடும் ஒவ்வொரு சொட்டும் 0.5 பிபிஎம் சுயாதீனக் குளோரின், அதாவது இன்னும் வேலைசெய்யும் வலுவுள்ளது. அதன் பிறகு மூன்றாவது திரவத்தை விட்டதும் சிவப்பு திரும்பி வந்தால் அது சேர்க்கைக் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வலுவிழந்தது. கண் எரிவதற்கும் 'குளோரின் மணம்' என்று சொல்லப்படுவதற்கும் காரணம் இதுதான். 0.5 ஐத் தாண்டவிடக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டைக் கிட்டில் ஒரு பொறி உண்டு. குளோரின் அளவுக்கு மிஞ்சியிருந்தால் டிபிடியின் சிவப்பே வெளுத்துப்போய், குளோரின் இல்லை என்பதுபோல் காட்டும். அதை நம்பி மேலும் கொட்டுபவர்கள் பலர்.

பிஎச் (தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் எண்) 7.2 க்கும் 7.8 க்கும் இடையில் நிற்கவேண்டும். சுண்ணாம்புக் கிணற்று நீரில் காரத்தன்மை (அசிட்டைத் தாங்கும் கரைந்த பைகாபனேற்றின் அளவு) 200 பிபிஎம் அளவில் இருந்தால் பிஎச்சைக் குறைத்த இரண்டு மூன்று நாளிலேயே அது 8 க்குத் திரும்பிவிடும். கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறுவதே காரணம், நீர்வீழ்ச்சி அலங்காரம் ஓடினால் இன்னும் வேகம். பிஎச்சோடு மல்லுக்கட்டாமல் காரத்தன்மையை 80 முதல் 100 வரை இறக்குங்கள். 31 முதல் 33 வீத ஐதரோகுளோரிக் அசிட் 800 மில்லிலீற்றர் போட்டால் காரத்தன்மை 10 பிபிஎம் குறையும். ஒரேயடியாக ஊற்றவேண்டாம். 10 லீற்றர் தண்ணீர் உள்ள வாளியில் 400 மில்லிலீற்றர் அசிட்டை விட்டு (அசிட்டுக்குள் தண்ணீர் விடக்கூடாது, தண்ணீருக்குள்தான் அசிட்), பம் ஓடும்போது திரும்பு வாயிலுக்கு முன்னால் மெல்ல ஊற்றவேண்டும். அரை மணி கழித்துச் சோதித்து, 7.2 க்குக் கீழே போகாமல் மிச்சத்தை விடலாம். பிறகு நீர்வீழ்ச்சியை ஓடவிட்டால் பிஎச் மட்டும் ஏறும், காரத்தன்மை ஏறாது. இதைச் சில தரம் செய்தால் காரத்தன்மை இறங்கிவிடும்.

இனி குளிசை. கடையில் விற்கும் 200 கிராம் குளோரின் குளிசை பெரும்பாலும் டிரைக்குளோர். அது கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலமும் இறங்குகிறது. வெயிலில் குளோரின் எரிந்துபோகாமல் காப்பது இந்த அமிலம்தான், 30 முதல் 50 பிபிஎம் வரை அது தேவை. ஆனால் அது தானாகப் போகாது. ஒரு குளிசை 4.5 பிபிஎம் குளோரின் தரும், கூடவே 2.7 பிபிஎம் சயனூரிக் அமிலம். வாரம் நாலு குளிசை போட்டால் மூன்று மாதத்தில் 130 அளவுக்கு வந்துவிடும். சுயாதீனக் குளோரின் எப்போதும் சயனூரிக் அளவின் 7.5 வீதமாவது இருக்கவேண்டும். 40 இருந்தால் 3 பிபிஎம் போதும், 120 இருந்தால் 9 வேண்டும். டெஸ்ட் கிட் 3 காட்ட, தண்ணீர் பச்சையாகிக்கொண்டே போவது இதனால்தான். இதற்குப் பாசிமருந்து வாங்குவது காசைக் கரைக்கும் வேலை.

சயனூரிக் சோதனையில் மாதிரியையும் கிட்டில் வரும் திரவத்தையும் சரிபாதி கலந்து ஒரு நிமிடம் விட்டு, அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் மெல்ல ஊற்றவேண்டும். புள்ளி மறையும் இடத்தின் எண்ணே அளவு. வெளியில் நின்று, சூரியனுக்கு முதுகு காட்டி, குழாயை இடுப்பளவில் உங்கள் நிழலில் பிடியுங்கள். வீட்டு விளக்கில் பார்த்தால் 20, 30 பிபிஎம் பிழைக்கும். 100 க்கு மேல் என்றால் மாதிரியோடு சம அளவு குழாய் நீர் கலந்து சோதித்து, வருவதை இரட்டியுங்கள்.

அப்படியானால் எந்தக் குளோரின்? 65 வீதக் கல்சியம் ஐப்போகுளோரைட்டில் 62 கிராம் 1 பிபிஎம் தரும், ஆனால் 10 பிபிஎம் போட்டால் வன்மையும் 7 ஏறும். கிணறுகளுக்குப் போடும் குளோரின் தூள் வலுக் குறைந்தது, சுண்ணாம்பு வண்டலும் மிஞ்சும், தடாகத்துக்குப் பொருந்தாது. வன்னீர்க் கிணறு உள்ளவர்களுக்குத் திரவக் குளோரினே நல்லது. 10 வீதத் திரவம் 400 மில்லிலீற்றர் போட்டால் 1 பிபிஎம். வெயில் படும் கொட்டிலில் வைத்தால் வலு வேகமாக இறங்கும் என்பதால் மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கவேண்டும். டிரைக்குளோர் குளிசையையும் கல்சியம் ஐப்போகுளோரைட்டையும் ஒரே வாளியிலோ குளிசை போடும் ஒரே மிதவையிலோ போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அசிட்டைக் குளோரினுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு.

சயனூரிக் 40 இருந்தும் குளோரின் நிற்கவில்லையென்றால் இரவுச் சோதனை செய்யுங்கள். பொழுதுபட்டபின் ஒரு அளவு, விடியமுன் ஒரு அளவு. இறக்கம் 1 பிபிஎம்முக்கு மேல் என்றால் பாசியோ அழுக்கோ தின்கிறது. அப்போது பிஎச்சை 7.2 இல் வைத்து, குளோரினைச் சயனூரிக் அளவின் 40 வீதத்துக்கு, இங்கே 16 பிபிஎம்முக்கு, ஏற்றி அங்கேயே பிடித்து வைத்திருக்கவேண்டும். பூச்சியத்திலிருந்து என்றால் 10 வீதத் திரவம் 6.4 லீற்றர் போகும். இரவில் இறங்காமல் பகலில் மட்டும் மளமளவென்று இறங்கினால் உவர்க் கிணற்றைச் சந்தேகியுங்கள். கடல்நீர் கலந்த கிணற்றில் புரோமைட்டும் இருக்கும், குளோரின் அதைப் புரோமினாக மாற்றிவிடும், புரோமினைச் சயனூரிக் அமிலம் வெயிலிலிருந்து காப்பாற்றாது. டெஸ்ட் கிட்டோ அதையும் குளோரினாகவே காட்டும். இதற்கு மருந்து இல்லை, கந்தளாய்க் குழாய் நீரையோ பவுசர் நீரையோ கலப்பதுதான் வழி.

இரும்பு உள்ள கிணற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளை வாளியில் தெளிந்த கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, ஒரு சிட்டிகை குளோரினைப் போட்டு அரை மணி விடுங்கள். தேநீர் நிறம் வந்தால் இரும்பு, கறுத்தால் மங்கனீசு. அந்தத் தண்ணீரை நேரே தடாகத்தில் விடாமல், தாங்கியில் குளோரின் போட்டு ஓரிரவு அடையவிட்டு மேல்தண்ணீரை மட்டும் ஏற்றவேண்டும்.

சேர்ந்துபோன சயனூரிக்கையும் வன்மையையும் குறைக்கத் தண்ணீரை மாற்றுவதே வழி. 120 ஐ 40 ஆக்க மூன்றில் இரண்டு பங்கு மாறவேண்டும். அதற்காகத் தடாகத்தை முழுக்க வடிக்காதீர்கள், அதுவும் மாரியில். நிலாவெளி மணலில் நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது வெறுந்தொட்டி மிதந்து எழும்பி வெடிக்கும். ஐப்பசி மழை பலக்கும்போது 30 சென்றிமீற்றர் மட்டும் இறக்கி வானத்தை நிரப்பவிடலாம். நவம்பர், டிசெம்பரில் மாதத்துக்குச் சராசரி 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும், அது இந்தத் தடாகத்துக்கு 9,600 லீற்றர், கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. மழைநீரில் காரத்தன்மை இல்லையென்பதால் பெய்து முடிந்ததும் அதைச் சோதியுங்கள். 60 க்குக் கீழே போயிருந்தால் 10 பிபிஎம் ஏற்ற 670 கிராம் அப்பச்சோடா.